விட்டது குற்றமா, பிடித்தது குற்றமா? அமெரிக்கப் ‘புகலிட நகரங்க’ளும் நஷ்டஈட்டின் அரசியலும்

‘புகலிட நகரம்’ என்பது அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் எதிலும் வரையறுக்கப்படாத ஒரு சொல். ஆனால் தேர்தல் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அது ஏதோ மதில் எழுப்பிக் கதவைச் சாத்திக்கொண்ட கோட்டையைப் போலப் பேசப்படுகிறது. உள்ளே புகுந்துவிட்டால் போலீஸ் தொட முடியாது, குற்றவாளிகளெல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கிறார்கள் என்பதாக ஒரு சித்திரம். ஆதரிப்பவர்களும் இதே சித்திரத்தைத்தான் நிறத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: மனிதநேயத்தின் கோட்டை. இரண்டுமே இல்லை.

நடைமுறையில் இந்த நகரங்கள் செய்வது சின்ன காரியம். ஊர்ப் போலீஸ் யாரையும் நிறுத்தி ‘விசா இருக்கா?’ என்று கேட்காது. நகராட்சி ஊழியர்கள் தங்கள் வேலைக்குத் தேவையில்லாதபோது குடியுரிமை பற்றி விசாரிக்க மாட்டார்கள். சிறையிலிருந்து ஒருவர் வெளியேற வேண்டிய நாள் வந்தால், குடியேற்றத்துறை அவரைக் கேட்கிறது என்பதற்காக மட்டும் கூடுதலாக அடைத்து வைக்க மாட்டார்கள். அவ்வளவுதான். மத்திய அரசின் ஆட்கள் அந்த ஊருக்குள் வந்து யாரையும் பிடிக்கலாம், தடையில்லை. 2025இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் சிகாகோவிலும் முகமூடி போட்டுக்கொண்டு வந்து பிடித்தார்கள். இரண்டுமே பேர்போன புகலிட நகரங்கள்.

நம்முடைய மரபில் அடைக்கலம் என்பது இதைவிடக் கனமான வார்த்தை. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரியிடம் ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்ட பிறகு, அடைக்கலத்தைக் காக்கத் தவறிவிட்டோமே என்று மாதரி தீயில் விழுகிறாள். பொறுப்பு அங்கே கொடுத்தவருக்கும் வந்தவருக்கும் இடையில் இருக்கிறது. விவிலியத்தில் எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் சொல்லும் ஆறு ‘அடைக்கலப்பட்டணங்கள்’ வேறு மாதிரி: கைப்பிசகாக ஒருவரைக் கொன்றுவிட்டவன் பழிவாங்க வருகிறவனிடமிருந்து தப்பி, விசாரணைக்கு நிற்கும்வரை உயிரோடு இருப்பதற்கான இடம். 1989இல் சான் ஃபிரான்சிஸ்கோ சட்டம் போட்டுத் தன்னை ‘அடைக்கல நகரம்’ என்று அறிவித்துக்கொண்டது. 1996இல் தெரிதா எழுத்தாளர்களின் சர்வதேச நாடாளுமன்றத்துக்காக அடைக்கல நகரங்கள் பற்றி எழுதியபோது தேடிப்போனதும் அந்தப் பழைய பட்டணங்களைத்தான். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்களில் கேட்கப்படுகிற கேள்வி இந்த இரண்டு மரபிலும் இல்லாதது. ஒருவரைப் பிடித்துக் கொடுக்காமல் விட்டதால் மூன்றாவது ஆளுக்கு ஒரு கேடு நேர்ந்தால், விட்ட ஊர் நஷ்டஈடு கட்ட வேண்டுமா?

தார்மீகப் பொறுப்பையும் சட்டப் பொறுப்பையும் தமிழில் நாம் ‘பொறுப்பு’ என்கிற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். அரசியல் மேடையும் அப்படித்தான் வேண்டுமென்றே குழப்புகிறது. நீதிமன்றம் குழப்புவதில்லை என்று சொல்ல வரவில்லை. அதன் குழப்பம் வேறு வகைப்பட்டது.

முதலில் விட்டதைப் பார்ப்போம். 2008 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் உரிய அனுமதி இல்லாமல் நாட்டில் தங்கியிருந்தவன். அதற்கு முன்பு சிறாராக நகரத்தின் காவலில் இருந்திருக்கிறான். அப்போது நகரம் அவனைப் பற்றிக் குடியேற்றத்துறைக்குத் தெரிவிக்கவில்லை. 2015 ஜூலை 1 அன்று அதே நகரத்தின் கடற்கரைப் பாலத்தில் தகப்பனோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவர் குண்டு பாய்ந்து இறந்தார். துப்பாக்கி ஐந்து முறை நாடுகடத்தப்பட்டுத் திரும்பி வந்த ஒருவர் கையில் இருந்தது. அவர் மத்தியச் சிறையில் இருந்தவர். சுமார் 20 வருடப் பழைய கஞ்சா வழக்கு ஒன்றுக்காக அந்த மார்ச் மாதம் நகரத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தார். வழக்கு கைவிடப்பட்டது, ஏப்ரல் 15 அன்று விடுவிக்கப்பட்டார். குடியேற்றத்துறை கேட்டிருந்தும் ஷெரீஃப் அலுவலகம் அவர்களுக்குச் சொல்லவில்லை. விடுதலைத் தேதி போன்ற விவரங்களைக் கொடுக்க வேண்டாமென்று ஷெரீஃப் மார்ச் 13 அன்றுதான் சுற்றறிக்கை போட்டிருந்தார்.

இரண்டு குடும்பங்களும் நகரத்தின்மீது வழக்குப் போட்டன. இரண்டுமே தோற்றன. முதல் வழக்கில் 2011இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: குடியேற்றத்துறைக்குத் தகவல் கொடுப்பது பற்றிய சட்டங்கள் குடியேற்ற நிர்வாகத்துக்காகவும் போதைமருந்துக் கட்டுப்பாட்டுக்காகவும் போடப்பட்டவை, தெருவில் நடக்கும் கொலையிலிருந்து ஒரு தனிமனிதரைக் காப்பதற்காகப் போடப்பட்டவை அல்ல, எனவே அவற்றை மீறியதாக வைத்துக்கொண்டாலும் அதிலிருந்து நஷ்டஈடு பிறக்காது. இரண்டாவது வழக்கில் 2019 மார்ச்சில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் சுருக்கமாக முடித்தது. சுற்றறிக்கை போடுவது ஷெரீஃபின் விருப்புரிமைக்கு உட்பட்ட கொள்கை முடிவு, அப்படிப்பட்ட முடிவுகளுக்கு மாநிலச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. மத்தியச் சட்டத்தை மீறினாரா? 1996இல் கொண்டுவந்த 1373ஆம் பிரிவு, ஒருவருடைய குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை பற்றிய தகவலை மத்திய அரசோடு பகிர்வதை எந்த ஊரும் தடுக்கக்கூடாது என்கிறது. ‘எப்போது வெளியே வருகிறார்’ என்பது குடியேற்ற நிலை பற்றிய தகவல் அல்ல. முடிந்தது வழக்கு.

இந்தத் தீர்ப்புகளுக்கு அடியில் பழைய தீர்ப்பு ஒன்று கிடக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வின்னபேகோ கவுண்டியில் நான்கு வயதுப் பையன் ஒருவனைத் தகப்பனே மூளை சிதையும்வரை அடித்தான். கவுண்டியின் சமூகநலத் துறைக்கு முன்பே விஷயம் தெரியும். வந்து பார்த்தார்கள், குறிப்பேட்டில் எழுதினார்கள், போனார்கள். தாய் போட்ட வழக்கில் 1989இல் உச்சநீதிமன்றம் கவுண்டிக்குப் பொறுப்பில்லை என்றது. அரசமைப்பு அரசின் கையிலிருந்து உன்னைக் காக்கும், இன்னொரு தனிமனிதனிடமிருந்து உன்னைக் காக்கும்படி அரசைக் கட்டாயப்படுத்தாது என்பது அதன் தத்துவம். ஆக, புகலிட நகரங்களைக் காப்பாற்றிய சட்டமரபு கருணையின் மரபு அல்ல. ஒரு குழந்தையைக் கைவிட்ட அரசைத் தப்பவிட்ட அதே மரபுதான் இன்றைக்குக் குடியேறிகளுக்கு நிழலாகவும் நிற்கிறது. புகலிட ஆதரவாளர்கள் இதைப் பேச விரும்புவதில்லை. பேசித்தான் ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

குடும்பங்களின் துயரத்தை வலதுசாரி அரசியல் எப்படித் தூக்கிச் சுமந்து விற்றது என்பது தெரிந்த கதை. அதற்காக அந்தக் கேள்வியே பொய்யானது என்று சொல்லிவிட முடியுமா? ‘நீங்க அன்னைக்கு ஒரு போன் போட்டிருந்தா எங்க பிள்ளை உயிரோட இருந்திருக்குமே’ என்று கேட்கிற தகப்பனுக்கு, ‘அது விருப்புரிமை சார்ந்த கொள்கை முடிவு’ என்பது பதில் அல்ல. வழக்குக்கான பதில். அதே சமயம் காரணச் சங்கிலியை எங்கே தொடங்கி எங்கே வெட்டுகிறோம் என்பதையும் கவனித்தாக வேண்டும். 2015 சாவுக்குக் காரணமான துப்பாக்கி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை ரேஞ்சர் ஒருவருடையது. நிறுத்தி வைத்திருந்த காரிலிருந்து நான்கு நாள் முன்பு திருடுபோனது. அந்தத் துறையையும் குடும்பம் வழக்கில் இழுத்தது. ஒன்பதாவது சர்க்யூட் 2021இல் அதையும் தள்ளியது: திருட்டுக்கும் சாவுக்கும் நடுவில் தொடர்பு மிக மெலிந்துவிட்டதாம். குண்டு தரையில் பட்டுத் தெறித்து வந்தது, 2017இல் ஜூரி கொலைக்குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. ஆனாலும் மேடைகளில் எஞ்சியது ஷெரீஃபின் சுற்றறிக்கை மட்டும்தான். துப்பாக்கி கதையாடலிலிருந்து காணாமல் போய்விட்டது. ‘துப்பாக்கியைப் பூட்டாமல் விட்ட நகரங்கள்’ என்று யாரும் பட்டியல் போடவில்லை.

இனி பிடித்ததற்கு வருவோம். என் பார்வையில் விஷயத்தின் கனமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

சிறையில் இருக்கும் ஒருவரைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லிக் குடியேற்றத்துறை அனுப்பும் காகிதத்துக்கு ‘டிடெய்னர்’ என்று பெயர். ‘இந்த ஆளை நீங்கள் விடவேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை வைத்திருங்கள், நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம்.’ இதில் நீதிபதி கையெழுத்து கிடையாது. கையெழுத்துப் போடுவது துறையின் அதிகாரி. 2017 முதல் கூடவே ஒரு வாரண்டும் வைத்து அனுப்புகிறார்கள், அதிலும் குடியேற்ற அதிகாரியின் கையெழுத்துதான். நம்மூரில் பிடிவாரண்ட் என்றாலே மாஜிஸ்திரேட் ஞாபகம் வரும். இங்கே பிடிக்கிற துறையே வாரண்டும் எழுதிக்கொள்கிறது.

நெடுங்காலம் ஷெரீஃப்கள் இதைக் கட்டளை என்றே நினைத்தார்கள். மேலிடத்துக் காகிதம், முத்திரை இருக்கிறது, அப்புறம் என்ன. 2008 நவம்பரில் பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டிச் சிறையில் ஒருவர் ஜாமீன் கட்டிய பிறகும் மூன்று நாள் வைக்கப்பட்டார், டிடெய்னர் வந்திருக்கிறது என்று சொல்லி. அவர் நியூ ஜெர்சியில் பிறந்தவர். போர்ட்டோ ரிக்கோ வம்சம், பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகன். தன்னிடம் ஓட்டுநர் உரிமமும் சமூகப் பாதுகாப்பு அட்டையும் இருப்பதைச் சொல்லிப் பார்த்தார். தோலும் பேரும் சொன்னதுதான் எடுபட்டது. வழக்கு மூன்றாவது சர்க்யூட்டுக்குப் போனபோது கவுண்டி வைத்த வாதம்: ‘நாங்கள் என்ன செய்வோம், மத்திய அரசு உத்தரவு போட்டது, நாங்கள் கீழ்ப்படிந்தோம்.’

அப்போது நீதிமன்றம் செய்தது ஒரு வாசிப்பு. டிடெய்னர் பற்றிய விதியில் இரண்டு வினைகள் இருக்கின்றன. முதல் உட்பிரிவு டிடெய்னரை ஒரு ‘வேண்டுகோள்’ என்கிறது. பின்னால் வரும் உட்பிரிவு, 48 மணி நேரத்துக்கு மிகாமல் காவலில் ‘வைத்திருக்க வேண்டும்’ என்கிறது. எது விதி? வேண்டுகோளா, வேண்டுமா? 2014 மார்ச்சில் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு, இரண்டாவது வாக்கியம் எவ்வளவு நேரம் என்பதற்கான மேல் எல்லையை மட்டுமே சொல்கிறது, வைத்திருந்தே ஆகவேண்டும் என்பதைச் சொல்லவில்லை என்று படித்தது. கட்டளை என்று படித்தால் அரசமைப்பு இடிக்கும் என்பதும் ஒரு காரணம். ஒரு பிரதியை எப்படிப் படிக்கிறோம் என்பதில் யாருடைய உடம்பு எத்தனை நாள் கம்பிக்குள் கிடக்கும் என்பது அடங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வேண்டுகோள் என்று ஆனதும் கவுண்டியின் கேடயம் விழுந்தது. கேட்டவர் கேட்டார், வைத்தது நீதானே? நீ வைத்ததற்கு நீதான் பொறுப்பு.

அடுத்த மாதமே, 2014 ஏப்ரலில், ஓரிகான் மாநிலத்தின் கிளாக்கமஸ் கவுண்டி மாட்டியது. 2012இல் கைதான ஒரு பெண்ணுக்கு 500 டாலர் கட்டினால் ஜாமீன். ‘கட்டினாலும் விட மாட்டோம், குடியேற்றத்துறை கேட்டிருக்கிறது’ என்று குடும்பத்திடம் சொல்லி இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். வழக்கு முடிந்த பிறகும் விடவில்லை. விடவேண்டிய ஒருவரைத் தொடர்ந்து வைத்திருப்பது புதிதாக ஒருமுறை கைது செய்வதற்குச் சமம், அதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை, எனவே நான்காம் திருத்தம் மீறப்பட்டிருக்கிறது என்றது மத்திய மாவட்ட நீதிமன்றம். இதில் இன்னொரு கண்ணி உண்டு. 1978ஆம் வருட உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின்படி, ஊழியர் ஒருவர் தவறு செய்தார் என்பதற்காக மட்டும் ஊராட்சி அமைப்பு பொறுப்பாகாது. அந்தத் தவறு அமைப்பின் ‘கொள்கை அல்லது வழக்கம்’ ஆக இருக்க வேண்டும். இதற்கு அடிப்படையான சட்டம் 1871இல் கூ க்ளக்ஸ் கிளானை ஒடுக்கப் போட்ட சட்டம். ‘எங்கள் கவுண்டியில் டிடெய்னர் வந்தால் எப்போதும் வைப்போம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஷெரீஃப்கள் தங்களை அறியாமலேயே தங்களுக்கு எதிரான சாட்சியத்தை எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த வருடம் நடந்ததை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓரிகானிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கொலராடோவிலும் கவுண்டி கவுண்டியாக டிடெய்னர்களை மதிப்பதை நிறுத்தினார்கள். இவர்களில் பலர் குடியேறிகளின் நண்பர்கள் இல்லை. கவுண்டி வக்கீல் ஒரு குறிப்பு அனுப்பினார்: ‘இனிமே வைச்சா நாமதான் காசு கட்டணும்.’ அவ்வளவுதான் நடந்தது. அதாவது, இன்று ‘புகலிடக் கொள்கை’ என்று திட்டப்படுகிறவற்றில் கணிசமான பகுதி, நஷ்டஈடு பற்றிய பயத்திலிருந்து பிறந்தது. சட்டப் பொறுப்பு புகலிட நகரத்துக்கு எதிரான ஆயுதம் என்று பேசப்படுகிறது. வரலாற்றில் அது புகலிடத்தின் தாயாகவும் இருந்திருக்கிறது.

தொகைகளும் அதையே சொல்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி டிடெய்னருக்காக வைத்திருந்தவர்களுக்குத் தர 2020இல் 1.4 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. நியூயார்க் நகரம், 1997க்கும் 2012க்கும் இடையில் நேரம் கடந்து வைக்கப்பட்ட 20,000க்கும் மேற்பட்டோருக்காக 2024 டிசம்பரில் 9.25 கோடி டாலருக்கு உடன்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டியில் அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு 11.2 கோடி டாலர் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் ஜூரி சொன்னது. மறுபக்கம், விட்டதற்காக எந்த நகரமும் கட்டிய பெருந்தொகை என்று காட்ட ஒன்றுமில்லை. எல்லா நீதிமன்றமும் ஒரே குரலில் பேசுவதாகவும் நினைக்க வேண்டாம். டெக்சாஸ் பகுதியை ஆளும் ஐந்தாவது சர்க்யூட் 2018இல், டிடெய்னரை மதிப்பதே அரசமைப்பு மீறல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது என்றது. மாசசூசெட்ஸ் உச்சநீதிமன்றம் 2017இல் எதிர்த்திசையில் போனது: எங்கள் மாநிலச் சட்டத்தில் டிடெய்னரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைப் பிடித்து வைக்கிற அதிகாரமே எங்கள் அதிகாரிகளுக்கு இல்லை.

மாநிலங்களை மத்திய அரசு தன் வேலைக்காரர்களாக ஆக்கக்கூடாது என்கிற கோட்பாடு எங்கிருந்து வந்தது? நம்மால் எளிதில் கற்பனை செய்ய முடியாத விஷயம் இது. நம் அரசமைப்பின் 256, 257ஆம் பிரிவுகளின்படி மாநில அரசுக்கு ஆணை போட மத்திய அரசால் முடியும். 258ஆம் பிரிவின்படி தன் வேலையை மாநில அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் முடியும். ஈழ அகதிகளின் முகாமை நடத்துவது மாநில நிர்வாகம், அவர்கள் யார் என்று தீர்மானிக்கிற பேனா தில்லியில். ‘நாங்கள் ஒத்துழைக்க மாட்டோம்’ என்று சொல்ல நம் நகராட்சிக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அமெரிக்காவில் அந்த இடம் உண்டு. 1997இல் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப்கள் விசாரிக்க வேண்டும் என்ற மத்தியச் சட்டத்தை எதிர்த்து மொன்டானா, அரிசோனா ஷெரீஃப்கள் போட்ட வழக்கில், அந்தக் கட்டாயம் செல்லாது என்று நீதிபதி ஸ்கலியா எழுதினார். துப்பாக்கிப் பிரியர்களின் வெற்றி. இன்று குடியேறிகளின் வக்கீல்கள் முதலில் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பும் அதுதான். 2025 ஜூலையில் இல்லினாய் மாநிலத்தின் மீதும் சிகாகோவின் மீதும் மத்திய அரசு போட்ட வழக்கை மாவட்ட நீதிபதி தள்ளுபடி செய்தது இதே கோட்பாட்டின் துணையோடுதான்.

ஆனால் இதன் வேர் துப்பாக்கியில் இல்லை, அடிமைமுறையில் இருக்கிறது. 1842இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த வழக்கில் உச்சநீதிமன்றம் அடிமை எஜமானர்கள் பக்கம்தான் நின்றது. ஓடிவந்தவர்களைக் காக்கும் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் நீதிபதி ஸ்டோரி போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார்: அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பது மத்திய அரசின் வேலை, அதற்கு மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது. வட மாநிலங்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டன. எங்கள் சிறையைத் தரமாட்டோம், எங்கள் போலீஸ் வராது என்று சட்டங்கள் போட்டன. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம். அதன் ஐந்தாம் பிரிவை இன்றைக்கு எடுத்துப் படித்தால் தூக்கிவாரிப் போடும். அடிமையைப் பிடிக்க மறுக்கும் மார்ஷலுக்கு 1,000 டாலர் அபராதம். பிடித்தபின் அவர் கையிலிருந்து அடிமை தப்பினால், மார்ஷலின் சம்மதத்தோடோ இல்லாமலோ எப்படித் தப்பியிருந்தாலும், அந்த அடிமையின் உழைப்புக்கான முழு விலையையும் மார்ஷல் எஜமானருக்குக் கட்ட வேண்டும். விட்டதற்கு நஷ்டஈடு! அமெரிக்கச் சட்டத்தில் இந்த யோசனை ஏற்கெனவே ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது மேடைப் பேச்சுக்குச் சரி. அன்றைக்கு நஷ்டஈடு கேட்டவர் மனிதனைச் சொத்தாக வைத்திருந்தவர், இன்றைக்குக் கேட்பவர் பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஒப்பிடத்தக்கது கேட்பவர் அல்ல, பொறிமுறை. பிடிப்பதில் எத்தனை தவறு செய்தாலும் பயமில்லை, விடுவதில் ஒரு தவறு நேர்ந்தாலும் தலை போகும் என்று அதிகாரியை நிறுத்தி வைப்பது. அப்படி நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? சந்தேகம் வந்தால் வைத்துக்கொள்வார். 1850 சட்டம் இதற்காகவே இன்னொன்றும் செய்தது. ஆளை எஜமானரிடம் ஒப்படைக்கத் தீர்ப்பளித்தால் ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர்.

இப்போது நடக்கும் முயற்சிகளை இந்தப் பொறிமுறையை வைத்துப் படிக்கலாம். டெக்சாஸ் 2017இல் போட்ட சட்டம் புகலிடக் கொள்கை வைத்திருக்கும் ஊருக்கு முதல் மீறலுக்கு 1,000 முதல் 1,500 டாலர் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 25,000 டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. ஒவ்வொரு நாளும் தனி மீறல். ஷெரீஃப் டிடெய்னரை மதிக்க மறுத்தால் அது குற்றம், பதவியும் போகலாம். எல் செனீசோ என்கிற எல்லையோரச் சிற்றூரின் பெயரில் போன வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் இதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. அதே சட்டத்தில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதி: டிடெய்னரை நல்லெண்ணத்தோடு மதித்ததற்காக ஊர்மீது வழக்கு வந்தால், நடத்துகிற செலவையும் கட்டவேண்டிய தொகையையும் மாநிலமே ஏற்கும். பிடித்ததற்கான பொறுப்பு கைமாறுகிறது, விட்டதற்கான பொறுப்பு ஏறுகிறது. 2017 ஜூனில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றி செனட்டில் நின்றுபோன மசோதா இன்னும் வெளிப்படை. டிடெய்னரை மதிக்காமல் விடப்பட்டவர் பெருங்குற்றம் செய்தால் பாதிக்கப்பட்டவர் ஊர்மீது வழக்குப் போடலாம். டிடெய்னரை மதித்த ஊருக்கோ பாதுகாப்பு. 2019இல் செனட்டில் இதே யோசனை தனி மசோதாவாகவும் வந்தது. டென்னசி 2025இல் இன்னும் ஒரு படி போய், புகலிடக் கொள்கைக்கு ஆதரவாக மன்றத்தில் வாக்களிப்பதையே சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கை தூக்கினால் ஜெயில்.

இந்த மசோதாக்கள் உண்மையில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியவை என்றால் ஒரு சின்னக் கேள்வி. ஜாமீனில் விடப்பட்ட உள்ளூர்க் குடிமகன் கொலை செய்தால் அந்தக் குடும்பத்துக்கும் வழக்குப் போடும் உரிமை தருவார்களா? மனைவியை அடித்தவனைப் போலீஸ் பிடிக்காமல் விட்டு, அவன் பிள்ளைகளைக் கொன்றால்? கொலராடோவின் காசில் ராக் நகரில் அப்படியே நடந்தது, மூன்று பெண்குழந்தைகள். நீதிமன்றத் தடையாணை இருந்தும் போலீஸ் போகவில்லை. தாய்க்கு அரசமைப்பின் கீழ் வழக்குப் போட உரிமையில்லை என்று 2005இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தாய்க்காக யாரும் மசோதா கொண்டுவரவில்லை. கைவிடப்பட்ட எல்லோருக்கும் கதவு திறப்பது வேறு. கொன்றவன் ‘வேற்றாள்’ ஆக இருந்தால் மட்டும் திறக்கும் கதவு வேறு. இரண்டாவது கதவு துயரத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல என்பதை அதன் அளவே காட்டிக் கொடுக்கிறது.

புகலிட நகரங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் என்னால் முடியவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் குடியேற்ற நிலையைத் தெரிந்துகொள்வதற்காக யாரையும் அணுகக்கூடாது என்ற 40ஆம் எண் சிறப்பு ஆணை 1979இல் வந்தது. போட்டவர் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ். 1991இல் ராட்னி கிங்கை அவருடைய போலீஸ்காரர்கள் அடித்து நொறுக்கியபோதும் அவர்தான் தலைவர். அவருக்கு வேண்டியிருந்தது சாட்சி சொல்ல பயப்படாத மக்கள். ஃபூக்கோ பேசிய ஆளுகை என்பது இதுதான்: விரட்டுவதை விட, வந்து பேசவைப்பது அதிகாரத்துக்கு லாபம். 2008இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி உள்ளூர்ச் சிறையில் எடுக்கும் கைரேகை மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், அங்கிருந்து குடியேற்றத்துறைக்குத் தானாகவே போய்விடுகிறது. ஊர் நினைத்தாலும் தடுக்க முடியாது. புகலிட நகரத்திலும் சின்னக் குற்றத்துக்குக் கைது செய்தால் பேர் பட்டியலில் ஏறிவிடும். கைது செய்வது யார்? அதே ஊர்ப் போலீஸ்தான்.

இந்தச் சொல்லுக்கு முதலில் உயிர் கொடுத்தவர்கள் வேறு ரகம். 1982 மார்ச்சில் அரிசோனாவின் டூசானில் பாதிரியார் ஜான் ஃபைஃபின் தேவாலயம் எல் சால்வதோர், கௌதமாலா அகதிகளுக்குக் கதவைத் திறந்து, அதை வெளிப்படையாக அறிவிக்கவும் செய்தது. தன் ஆதரவு பெற்ற ஆட்சிகளிடமிருந்து ஓடிவந்தவர்களை அகதி என்று ஏற்க ரீகன் அரசு மறுத்துக்கொண்டிருந்த காலம். உளவாளிகளை உள்ளே அனுப்பி வழக்குப் போட்டார்கள். 1986இல் ஃபைஃப் உள்பட எட்டுப் பேருக்குக் குற்றத் தீர்ப்பு வந்தது. அவர்களுடைய பொறுப்பு அவர்கள் உடம்பின்மீது விழுந்தது, வாங்கிக்கொண்டார்கள். நகராட்சிகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது பொறுப்பு கருவூலத்துக்கும் காப்பீட்டுக்கும் இடம் மாறியது.

ஆனாலும் இந்தச் சில்லறை மறுப்பை நான் தள்ளிவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஜாமீன் கட்டியாயிற்று, வாசலில் தங்கச்சியோ மனைவியோ நிற்கிறாள். உள்ளே ஜெயிலர் மேசையில் நீதிபதி கையெழுத்து இல்லாத ஒரு காகிதம் இருக்கிறது. மூன்றாவது சர்க்யூட்டின் தீர்ப்பு நிற்கிற ஊரில், ‘கேட்டது அவர்கள், வைப்பது நீ’ என்பது அவருக்குத் தெரியும். டெக்சாஸில் வைத்தால் மாநிலம் கட்டும், விட்டால் வழக்கு அவர்மேல் வரும் என்பது தெரியும். காகிதம் ஒன்றுதான். அந்த ஆள் வீட்டுக்குப் போவாரா இல்லையா என்பதை, பில் யாருக்குப் போகும் என்கிற கணக்கு தீர்மானித்துவிடுகிறது.